இரட்டைவால் கிட்டார்

சென்ற மாதம் பசறைக்கு மேலே எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் காளிமுத்து அண்ணன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதில் அந்தப் பக்கத்திலேயே அவருக்கு நிகரில்லை என்பார்கள். லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒரு நாற்காலியில் அவருடைய படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஊதுபத்திப் புகை கொஞ்சம் விலகியபோதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக் காளிமுத்து அண்ணன். கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை. கையில், அம்பு முனையைப் போலப் பின்பக்கம் இரண்டாகப் பிளந்த ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார்.

அவருடைய மருமகள் என் பக்கத்தில் வந்து நின்று, "மாமா அந்தக் காலத்துல மியூசிக் குரூப்புல இருந்தாங்களாம் டீச்சர்" என்றாள்.

சாவு வீட்டில் சிரித்தால் எப்படி இருக்கும்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளை ஓடிப்போய் எனக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். காளிமுத்து அண்ணன் வாழ்நாளில் ஒரு கம்பியைக் கூடச் சுண்டியதில்லை. அந்தக் கிட்டார் பிற்பாடு என்னுடையதாக இருந்தது. படம் எடுத்த அன்றைக்கு அவருடைய தலையைச் சீவிவிட்டு, கிட்டாரைக் கையில் பிடிக்கக் கொடுத்து, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே" என்று சொன்னவளும் நான்தான்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஆசிரியை நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. நியமனம் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஹனீபா நானாவின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். இருட்டறையில் இருந்து வருகிற மருந்துத் தண்ணீரின் புளித்த வாசம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். வினாகிரிப் போத்தலைத் திறந்தால் சமையலை மறந்து ஒரு நிமிடம் நிற்கிறேன். வருகிறவர்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது, பவுடர் டப்பாவையும் சீப்பையும் எடுத்துக் கொடுப்பது, சட்டைக் காலரை இழுத்துவிடுவது, இவைதான் என் வேலை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பாஸ்போர்ட் படத்துக்கு வருவார்கள். பத்துப் படம் எடுத்தால் ஒன்பதில் கண்ணீரை அடக்கிக்கொண்ட முகம்தான் விழும்.

சந்தோஷமான படங்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. சுவரில் பனிமலையும் ஏரியும் வரைந்த திரை, சக்கரம் சுழலாத ஒரு மோட்டார் சைக்கிள், எங்கேயும் இணைக்கப்படாத ஒரு தொலைபேசி, அப்புறம் அந்தக் கிட்டார். ஜப்பானில் இருந்து பழைய சாமான் வந்து இறங்கும் கொழும்புக் கடை ஒன்றில் நானா அதை வாங்கியிருந்தார். இசைக்காரர்கள் யாரும் சீண்டாமல் கிடந்ததாம். காரணம் இருந்தது. சாதாரணக் கிட்டார் என்றால் இடுப்பில் ஒரு வளைவு இருக்கும், மடியில் வைத்தால் நிற்கும். இதை மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். நாங்கள் அதற்கு இரட்டைவால் என்று பெயர் வைத்திருந்தோம்.

தலைப்பகுதியில் தங்க நிறத்தில் ஒரு கையெழுத்து. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கலைஞர் தனக்கென்று வடிவமைத்து, தன் கையெழுத்தையும் போட்டு விற்கவிட்ட கிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யாருடையது என்று கடைசிவரை எங்களால் படிக்க முடியவில்லை. முதல் எழுத்து ஒரு கொக்கி, மீதி எல்லாம் மண்புழு. யாராவது கேட்டால் நானா முகத்தை மாற்றாமல், "என்ட சைன்தான்" என்பார். தோட்டத்துப் பெரிய கிளார்க்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து சரி, முத்திரையைக் காணோமே" என்று கவலைப்பட்டார்.

பசறை, அப்புத்தளை, பெரகல என்று எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் அந்தக் கிட்டாரோடு படம் எடுப்பதற்காகவே பஸ் ஏறி வந்தார்கள். சம்பள வாரத்துச் சனிக்கிழமை என்றால் வரிசை நிற்கும். உண்மையில் அது சத்தம் போடும் சாமான் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓடாது, டெலிபோன் பேசாது, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும்தான் அப்படி நினைத்தேன்.

எனக்கு நொட்டாங்கை. அதாவது இடதுகைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடியில்தான் வலது கையால் எழுதவே பழகினேன். அப்பா மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பார். அதில் எனக்கும் சுரம் பிடிக்கத் தெரியும். ஆனால் இடது கைதான் முந்திக்கொண்டு கட்டைக்குப் போகும். அப்பா அதைத் தட்டிவிடுவார். ஒரு மழை நாள், கடையில் ஆளில்லை, நானா பகல் ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். தூசு தட்டுகிற சாக்கில் கிட்டாரை எடுத்து மாட்டினேன். என் கை தானாக அதை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டது. வேறு எந்தக் கிட்டாராக இருந்தாலும் அப்படித் திருப்பினால் கோணலாகத் தெரிந்திருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிறகு. திருப்பியது தெரியவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். இந்த உலகத்தில் எனக்கென்று செய்த ஒரு பொருளை முதல் தடவையாகப் பிடித்திருப்பதாகத் தோன்றியது. அந்த வயதில் அப்படியெல்லாம் தோன்றும், மன்னியுங்கள்.

கம்பிகள் மட்டும் தலைகீழாக இருந்தன. தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கழற்றி மாற்றிப் பூட்டினேன். கம்பிகள் படிகிற சின்ன வெள்ளைக் கட்டையில் தடித்த கம்பி உட்காரவில்லை. நகம் ராவுகிற அரத்தால் அதன் பள்ளத்தை ராவி ராவிச் சரிசெய்தேன். கடை ரேடியோவில் போகிற பாட்டுகளைக் கேட்டு ஒவ்வொரு சுரமாகத் தேடிப் பிடித்தேன். பெரிய ஒலிபெருக்கி இல்லாததால் அதன் சத்தம் கொசு பாடுவதைப் போலத்தான் இருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் நானா தொழுகை முடிந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். கதவருகே நின்று கேட்டிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்து அவசரமாகக் கிட்டாரைக் கழற்றப் போனேன்.

"கம்பியெல்லாம் மாறி ஈக்கிது?"

"நான்தான் நானா மாத்தினேன். பழையபடி பூட்டிடுறேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "எதுக்கு? படத்துல கம்பியா தெரியப் போகுது? மழை பெஞ்சா வாசிங்க. ஆள் வந்தா நிப்பாட்டுங்க. அவ்வளவுதான்."

பதுளையில் அந்த வருடம் நல்ல மழை.

காளிமுத்து அண்ணன் உட்பட, அதற்குப் பிறகு வந்த எல்லாரும் தலைகீழ்க் கம்பியோடுதான் படத்தில் நிற்கிறார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் ஹாலிஎலச் செல்வம். அவர் ஒரு இசைக்குழு நடத்திவந்தார். அடையாள அட்டைப் படத்துக்கு வந்தவர், விளையாட்டாகக் கிட்டாரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தார்.

"நானா, யாரு இதுல வாசிக்கிறது? கம்பி தலைகீழா இருக்கு. ஆனா சுருதி சேர்ந்திருக்கே!"

நானா என் பக்கம் கையைக் காட்டினார். நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீயா தங்கச்சி? எங்கே, கொஞ்சம் வாசி பாப்பம்."

வாசித்தேன். பாதிப் பாட்டிலேயே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நம்ம கிட்டார்காரன் போன மாசம் கட்டாருக்குப் போயிட்டான். கட்டார்ல போய் சிமெந்து தூக்குறான். பொங்கலுக்கு மூணு எடத்துல ஒத்துக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருக்கேன். வாறியா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, நானாவிடம் கேட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஹாலிஎலைக்குப் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் அங்கே கிட்டாரை ஒலிபெருக்கியில் இணைத்து ஒரு கம்பியைச் சுண்டினேன். அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். டிரம் வாசிக்கிற பையன்கள் சிரித்தார்கள். இத்தனை மாதமாகக் கொசு என்று நினைத்து நான் தடவிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று எனக்கு அழுகை வந்தது.

கிட்டாரைக் கொண்டுபோக ஒரு உறை வேண்டும். பஜார் தையல்காரரிடம் கறுப்பு ரெக்சின் துணியைக் கொடுத்தேன். அவர் இரண்டு சிறகையும் அளந்து, "கால் ரெண்டும் ஒரே நீளம். இடுப்பு எங்கம்மா?" என்று கேட்டார். கடைசியில் கால்சட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தால் யாருடைய காலையோ வெட்டி எடுத்துக்கொண்டு போவது போல இருக்கும்.

அம்மாவை ஏமாற்ற முடிந்தது ஐந்தாறு வாரம்தான். அம்மா கொழுந்து எடுப்பவர். ஒருநாள் மாலை, அடுப்படியில் சூடான ரொட்டியை என் கையில் வைக்கும்போது அவர் விரல் என் விரலில் பட்டது. ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு கம்பி அழுத்துகிற என் வலது கையைப் பிடித்து நிமிர்த்தினார். ஒவ்வொரு விரல் நுனியையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"எனக்குக் கொழுந்து கிள்ளிக் காய்ச்சுப் போச்சு. ஒனக்கு என்னா கிள்ளி இப்படி ஆச்சு?"

சொல்லிவிட்டேன். ஸ்டூடியோ, மழை, செல்வம் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும். அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலை வேலை முடிந்து வந்தவர், முகம் கூடக் கழுவவில்லை.

"பொம்பளப் புள்ள குரூப்புல போய் ஆம்பளைங்க கூட நின்னு கிட்டாரு அடிக்கிறதா? நாளைக்கு டீச்சர் வேலைக்குப் போற புள்ள. நாலு பேரு என்னா பேசுவாங்க?"

அம்மா என் கையை இன்னும் விடவில்லை. "பேசுவாங்கதான். ஒளிச்சு செஞ்சா இன்னும் கூடப் பேசுவாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எங்கயோ போய் வாசிக்கிறதுன்னா வேணாம். மொதல்ல நம்ம கிரவுண்டுல வாசி. பாக்குறவங்க எல்லாம் பாக்கட்டும். நானும் பாக்குறேன். அதுக்கு அப்புறம் எங்க வேணும்னாலும் போ."

அப்பா முகம் கழுவத் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் பயம் வந்தது. தெரியாத ஊரில் வாசிப்பது சுலபம். நாம் மூக்கு ஒழுகத் திரிந்த காலத்தில் இருந்து நம்மைப் பார்த்தவர்களின் முன்னால் நிற்பது வேறு.

பொங்கலுக்கு மறுநாள் பகல் மூன்று மணிக்கு, தொழிற்சாலைக்குக் கீழே உள்ள கிரவுண்டில் மேடை போட்டார்கள். கயிறிழுப்பு முடிந்து, கண்ணைக் கட்டிப் பானையை அடிக்கிற முட்டி உடைப்பு முடிந்து, சனம் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தது. சுடிதார் போட்டுக்கொண்டு, செல்வம் அண்ணனுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி மேடையேறினேன். உறையைக் கழற்றிக் கிட்டாரை மாட்டினேன். முன்வரிசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கிட்டார் மேலேயே இருந்தது.

"டேய், அது ஸ்டூடியோ கிட்டாருடா!"

"நான் புடிச்ச கிட்டாரு அது!" என்று எழுந்து நின்று கத்தியது காளிமுத்து அண்ணன்தான். அதற்குள் இன்னும் பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள். பாதித் தோட்டத்துக்கு அந்தக் கிட்டாரோடு படம் இருந்தது. ஒவ்வொருத்தரும் அதைச் சொந்தம் கொண்டாடினார்கள். யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பொம்மைய மாட்டிக்கிட்டு இந்தப் புள்ள என்னா செய்யப் போவுது?" என்று கேட்டது மேடைவரைக்கும் கேட்டது.

செல்வம் அண்ணன் கண்ணைக் காட்டினார். நான் வாசித்தேன்.

அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சனம் அப்படியே அடங்கிவிட்டது. "அட, நெசமாவே பாடுதுடா!" என்று அந்தப் பெரியவரின் குரல்தான் முதலில் வந்தது. அப்புறம் விசில். பாட்டின் நடுவில் திடீரென்று என் சத்தம் மட்டும் காணாமல் போனது. கரண்ட் போய்விட்டது என்று யாரோ ஜெனரேட்டரை நோக்கி ஓடினார். கரண்ட் போகவில்லை. கிட்டாரைத் திருப்பி மாட்டியதால் சத்தம் கூட்டுகிற திருகு மேல் பக்கம் வந்துவிட்டது. என் கை பட்டு அது மூடிக்கொண்டது. வெட்கத்தில் காது சூடாகத் திருகைத் திறந்தேன். சத்தம் மறுபடி வந்ததும் இன்னும் பெரிய கைதட்டல். அதையும் வித்தையில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மா பெண்கள் பக்கத்தில் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் சிரித்தாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. அப்பாவைக் கூட்டத்தில் தேடினேன், காணவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஜெனரேட்டரிடம் ஓடியவர் அவர்தான்.

ஹனீபா நானா கமெராவோடு பதுளையில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கழுத்தில் கமெராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் முடிந்து இறங்கியதும், "படம் எப்ப கழுவுவீங்க நானா?" என்று கேட்டேன்.

அவர் கமெராவைக் குனிந்து பார்த்தார். "ஒண்டும் எடுக்கல்ல புள்ள. கேட்டுக்கிட்டே நிண்டுட்டேன்."

நாற்பது வருடம் படம் பிடித்த மனிதர். பெரிய தவறு செய்துவிட்டவரைப் போல அப்படி நின்றார். பஸ் ஏறும்போது படியில் நின்று திரும்பிச் சொன்னார். "நாளைல இருந்து அது ஒங்கட சாமான். சனிக்கிழமைக்கு மட்டும் எனக்கு இரவல் தாங்க, ஆள்கள் வருவாங்க."

அப்படித்தான் அது எனக்கு வந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் வாசித்தேன். அப்புத்தளையில் ஒரு கல்யாணத்தில் ஜன்னல் வழியே மண்டபத்துக்குள் பனிமூட்டம் வந்து, பாடுகிறவர் என் கண்ணுக்குத் தெரியாமல், டிரம்மை நம்பியே வாசித்து முடித்தேன். பெரகலச் சந்தியில் எங்கள் வேன் நின்றுபோய் மூன்று மணித்தியாலம் கடை வாசலில் குந்தியிருந்தபோது, கடைக்காரர் கேட்டார் என்பதற்காக அவருக்கு மட்டும் வாசித்தேன். எனக்கு எங்கேயும் ஒரு படம் கிடையாது. படக்காரர்கள் பாடகர்களைத்தான் எடுப்பார்கள்.

பிறகு நியமனம் வந்தது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம். அதற்கடுத்த வருடம் கல்யாணம். டிரம் வாசித்த பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போனார்கள். கடைசியாகச் செல்வம் அண்ணனும் கொழும்புக்குப் போய்விட்டார். குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு பொங்கலுக்கு யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அப்புத்தளைக் குளிரில் கிட்டாரின் கழுத்து ஈரம் ஏறி வளைந்துவிட்டது. கம்பிகள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. அழுத்த முடியவில்லை. குவாட்டர்ஸில் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளை பிறக்க விடுமுறையில் போனேன். புதுக் கட்டடம் வருகிறதென்று அந்த அறையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். உடைந்த கதிரை, மேசை, பழைய கரும்பலகை எல்லாவற்றோடும் சேர்த்து லொறியில் ஏற்றிவிட்டார்கள். ஒருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. நான் வேலைக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து, விளையாட்டுப் போட்டிக்குக் கயிறு தேடும்போதுதான் அந்த அறை வெறுமையாக இருந்தது என் கண்ணில் பட்டது. ஆறு மாதம் அதை நான் நினைக்கவே இல்லை. என் பிள்ளைக்குப் பல் முளைத்திருந்தது, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, கிரவுண்டின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. கம்பியூட்டரில் மலை வேண்டுமென்றால் மலை, கடல் வேண்டுமென்றால் கடல். நானா கடையை மூடிவிட்டு, பண்டாரவளையில் மகளோடு போய் இருந்தார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் நான் அவருக்குப் போன் எடுப்பேன். அவர் என் கணவரைக் கேட்பார், பிள்ளையைக் கேட்பார், பிறகு கொஞ்சம் இருமிவிட்டு மூன்றாவதாக அதைக் கேட்பார்.

"கிட்டார் எப்புடி ஈக்கிது?"

"நல்லா இருக்கு நானா."

"வாசிக்கிறீங்களா?"

"மழை பெஞ்சா வாசிக்கிறேன்."

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வருடமும் அதே பொய்யைச் சொன்னேன். பன்னிரண்டு பெருநாள் சொன்னேன். எப்படியாவது நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு நினைப்பேன். பண்டாரவளை என்ன தூரமா? அப்புத்தளையில் இருந்து அரை மணித்தியாலப் பயணம். இந்த வருடம் நோன்புக்கு முன்னாலேயே அவர் மௌத்தாகிவிட்டார். சாவுச் செய்தி எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

இந்த வருடப் பெருநாள் அன்று அப்புத்தளையில் காலையில் இருந்தே மழை. பத்து மணிவரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டாரைப் பற்றி என்னிடம் கேட்க இப்போது ஒருவரும் இல்லை.